காருக்குக் கறுப்புத் தாள் ஒட்டலாமா? – கண்ணாடி, வெப்பம், சட்டம்: ஒரு வரலாறு

சித்திரை மாதத்து நண்பகலில் புதுக்கோட்டைச் சீமையின் சாலையோரத்தில் ஒரு கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தவுடன் உலைக்களத்தின் வாயைத் திறந்தது போல் அனல் முகத்தில் அடிக்கும். இருக்கையில் உட்கார முடியாது. ஸ்டியரிங்கைத் தொட முடியாது. இந்தத் துன்பத்திற்கு மருந்தாகக் கடைக்காரர் காட்டுவது ஒரு சுருள் தாள். ‘சன் கன்ட்ரோல் பிலிம்’ என்றும் ‘கறுப்பு பிலிம்’ என்றும் அதற்குப் பெயர். அதைக் கண்ணாடியில் ஒட்டினால் வண்டி குளுகுளுவென்று இருக்கும் என்பார். பக்கத்தில் நிற்கும் நண்பரோ, “வேண்டாம், போலீசார் பிடித்துக் கிழித்துவிடுவார்கள்” என்பார். இருவரில் யார் சொல்வது சரி?

இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது. கண்ணாடி வழியே வரும் கதிர்களைப் பற்றி மனிதன் ஏறத்தாழ 250 ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட செய்திகள் இதில் அடங்கியுள்ளன. அந்த வரலாற்றை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், விடையை நீங்களே கூறிவிடலாம்.

சூடான பெட்டி

1767-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து விஞ்ஞானி ஓராஸ் பெனடிக்ட் டி சொசூர் ஒரு விந்தையான பெட்டியைச் செய்தார். கண்ணாடிப் பெட்டிகள் ஐந்தை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, கறுப்பு மேசைமேல் வெயிலில் காயவிட்டார். வெளிப்பெட்டியைவிட அதற்கு உட்பட்ட பெட்டியும், அதனைவிட அதற்கு உட்பட்டதும் மிகுதியாகச் சூடேறின. நடுப்பெட்டியின் வெப்பநிலை 87 டிகிரி செல்சியசைத் தாண்டியது. பிறகு உட்புறத்தில் கறுப்புத் தக்கை பதித்து, மேலே மூன்று கண்ணாடித் தகடுகள் பொருத்திய மரப்பெட்டி ஒன்றைச் செய்தார். அதன் உள்ளே தண்ணீரின் கொதிநிலையையும் மிஞ்சிய வெப்பம் உண்டாயிற்று. அதே பெட்டியை மலையுச்சிக்குத் தூக்கிச் சென்றார். அங்கே காற்று மிகவும் குளிர்ந்திருந்தும் பெட்டிக்குள் ஏறக்குறைய அதே வெப்பந்தான் இருந்தது.

நிறுத்தி வைத்த கார் என்பது சொசூரின் பெட்டியே அன்றி வேறில்லை. கறுப்பு மேசைக்குப் பதிலாக இங்கே கறுத்த டேஷ்போர்டும் இருக்கைகளும் இருக்கின்றன. கதிரவனின் ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே வருகிறது. இருக்கைகள் அதை உட்கவர்ந்து சூடாகின்றன. அவை தம்மைத் தொட்ட காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழி இல்லை. இருக்கைகள் வெளிவிடும் நீண்ட அலைநீளமுள்ள வெப்பக் கதிர்களைக் கண்ணாடியும் வெளியே விடுவதில்லை.

இந்த இரண்டு காரணங்களில் எது முதன்மையானது? 1909-இல் அமெரிக்க இயற்பியலறிஞர் ஆர். டபிள்யூ. வுட் இதைச் சோதித்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடியும், மற்றொன்றுக்கு வெப்பக் கதிர்களைத் தாராளமாக வெளியே விடும் கல்லுப்புத் தகட்டு மூடியும் போட்டார். சூரியக் கதிர் இரண்டிலும் ஒரே மாதிரி விழும்படி செய்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. எனவே அடைபட்ட காற்றுதான் பெரிய குற்றவாளி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஹெர்ஷல் கண்ட புதிர்

கறுப்புக் கண்ணாடியைப் பற்றிய நமது கேள்வியை முதன்முதலில் விஞ்ஞான முறையில் எழுப்பியவர் வில்லியம் ஹெர்ஷல் எனலாம். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த அதே வானியலார்தாம். அவர் தொலைநோக்கி வழியே சூரியனை ஆராய்ந்தபோது, கண்ணைக் காக்கப் பலவகை நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்தினார். சில கண்ணாடிகள் ஒளியை மிகவும் குறைத்தன. ஆயினும் கண்ணில் சூடு உறைத்தது. வேறு சில கண்ணாடிகள் நிறைய ஒளியை விட்டன. ஆனால் சூடு தெரியவில்லை. ஒளி குறைந்தால் சூடும் குறையவேண்டும் அல்லவா? இது ஏன் மாறாக இருக்கிறது?

1800-ஆம் ஆண்டில் அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் ஏழு நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப்போக வெப்பம் ஏறியது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இருட்டுப் பகுதியில் வைத்தபோது வெப்பமானி இன்னும் உயர்ந்தது! இவையே அகச்சிவப்புக் கதிர்கள். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் யோகான் ரிட்டர், ஊதாவுக்கு அப்பாலும் வெள்ளிக் குளோரைடைக் கறுக்கச் செய்யும் கதிர்கள் இருப்பதைக் கண்டார். இவை புற ஊதாக் கதிர்கள்.

தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் புற ஊதாக் கதிர்கள் ஏறக்குறைய 5 விழுக்காடு. கண்ணுக்குத் தெரியும் ஒளி 45 விழுக்காடு அளவில். மீதிப் பாதியளவு அகச்சிவப்பு. இப்போது ஹெர்ஷலின் புதிர் விடுபட்டுவிடுகிறது. ஒரு கண்ணாடி கறுப்பாக இருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியும் அந்த 45 விழுக்காட்டை அது தடுக்கிறது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். மற்றப் பாதியை அது தடுக்கிறதா இல்லையா என்பதைக் கண் சொல்லாது. கறுப்பு என்பது கண்ணின் தீர்ப்பு. குளிர்ச்சி என்பது வெப்பமானியின் தீர்ப்பு.

இதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தொலைக்காட்சியின் ரிமோட் கருவி அகச்சிவப்புக் கதிரை அனுப்புகிறது. அதன் முனையைக் கைப்பேசியின் காமிராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், திரையில் ஓர் ஒளிப்புள்ளி மினுக்கும். (சில கைப்பேசிகளில் முன்பக்கக் காமிராவில்தான் தெரியும்.) இடையே மலிவான கறுப்பு பிலிம் துண்டு ஒன்றை வையுங்கள். பெரும்பாலும் புள்ளி மங்காமல் அப்படியே மினுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இதே காரணத்தால், கறுப்பு பிலிமை மடித்து வைத்துக்கொண்டு சூரியனையோ கிரகணத்தையோ ஒருபோதும் பார்க்கலாகாது. கண் கூசாது, ஆனால் விழித்திரை வெந்துவிடும்.

உலைக்கூடத்துக் கண்கள்

கண்ணாடி உலைகளில் வேலை செய்த தொழிலாளர்களுக்கு நடுவயதிலேயே கண்புரை வந்து பார்வை மங்குவது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தின் ராயல் சங்கம் இதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதில் பணியாற்றிய சர் வில்லியம் குரூக்ஸ், அப்போது எண்பது வயதைக் கடந்தவர். அவர் பலவகை உலோக ஆக்சைடுகளைக் கலந்து நூற்றுக்கணக்கான கண்ணாடிகளை உருக்கிச் சோதித்தார். 1913-இல் தம் முடிவுகளைச் சங்கத்தின்முன் வைத்தார். சீரியம் கலந்த கண்ணாடி புற ஊதாவைத் தடுத்தது. இரும்பின் ஒருவகைச் சேர்மம் கலந்த வெளிர்பச்சைக் கண்ணாடி, பார்வைக்கு வேண்டிய ஒளியை விட்டுவிட்டு வெப்பக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்தது.

ஹெர்ஷல் தற்செயலாகக் கண்டதைக் குரூக்ஸ் திட்டமிட்டுச் செய்துகாட்டினார். வெப்பத்தைத் தடுக்க இருட்டு தேவையில்லை. இன்று உங்கள் காரின் கண்ணாடி விளிம்பை உற்றுப் பாருங்கள். அதில் இலேசான பச்சை ஓடும். குரூக்ஸ் பயன்படுத்திய அந்த இரும்பின் வேலைதான் அது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகள் இத்தகைய பச்சைக் கண்ணாடியைப் பொருத்தத் தொடங்கின. பின்னர் அது உலகெங்கும் பரவியது. ஆகவே தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடி ‘வெறும் கண்ணாடி’ அன்று. அதுவே ஓரளவு வெப்பந்தடுக்கும் கண்ணாடி.

உடைந்தாலும் குத்தாத கண்ணாடி

தொடக்கக் காலக் கார்களில் முகப்புக் கண்ணாடி சாதாரணச் சன்னல் கண்ணாடியாகவே இருந்தது. விபத்தில் அது கத்திகளாகச் சிதறி முகத்தைக் கிழித்தது. பிரெஞ்சு வேதியியலார் எதுவார் பெனெதிக்டூஸ், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செல்லுலாய்டுத் தாளை ஒட்டி, உடைந்தாலும் சிதறாத கண்ணாடிக்கு 1909-இல் காப்புரிமை பெற்றார். செல்லுலாய்டு வெயிலில் மஞ்சளாயிற்று. எனவே 1930-களில் அதன் இடத்தில் பாலிவினைல் பியூட்டைரல் என்னும் பிளாஸ்டிக் வந்தது. இன்றைய முகப்புக் கண்ணாடியின் நடுவே இருப்பதும் அதுவே. அது சிதறலைத் தடுப்பதோடு புற ஊதாக் கதிரையும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் வேறு வகை. சூடாக்கித் திடீரெனக் குளிர்விக்கப்பட்ட அவை, உடைந்தால் கற்கண்டுத் துண்டுகள்போல் முனை மழுங்கிய துகள்களாக உதிரும். இவற்றின் வழியே புற ஊதாவில் ஒரு பகுதி உள்ளே வரும்.

விண்வெளியிலிருந்து சன்னலுக்கு

ஒட்டும் தாளின் கதை 1941-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலார் பாலியெஸ்டர் வகைப் பிளாஸ்டிக் ஒன்றை ஆக்கினர். நம் சட்டைத் துணியிலும் தண்ணீர்ப் புட்டியிலும் இருப்பது அதுவே. அதை மெல்லிய தாளாக இழுத்து, வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியவைத்தால் கண்ணாடிபோல் மின்னும் தாள் கிடைக்கும். 1960 ஆகஸ்டு 12 அன்று அமெரிக்கா வானில் ஏவிய ‘எக்கோ’ என்னும் 30 மீட்டர் விட்டமுள்ள பலூன் துணைக்கோள் இத்தகைய தாளால் ஆனதே. அதே பத்தாண்டில் இந்தத் தாளின் பின்புறம் பசை பூசிக் கட்டடச் சன்னல்களில் ஒட்டும் வழக்கமும் வந்தது. பின்னர் அது கார்களுக்கு இறங்கி வந்தது.

இன்று கடைகளில் கிடைப்பவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சாயம் ஏற்றிய தாள். விலை மலிவு. இது ஒளியை உட்கவர்ந்து தானே சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி மீண்டும் உள்ளேயே வரும். சில ஆண்டுகளில் சாயம் வெளிறி ஊதா நிறமாகிக் குமிழ்விடுவதும் இதுவே. இரண்டாவது, உலோகம் படிந்த தாள். இது வெப்பக் கதிரை வெளியே திருப்பி அனுப்பும். ஆனால் வானொலி அலைகளையும் தடுக்கும். சுங்கச் சாவடியில் முகப்புக் கண்ணாடியின் ‘பாஸ்டேக்’ அட்டையை வானொலி அலைகள்தாம் படிக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். மூன்றாவது, ‘செராமிக்’ என்று விற்கப்படும் தாள். இண்டியம்–வெள்ளீய ஆக்சைடு போன்ற சேர்மங்களின் மிக நுண்ணிய துகள்கள் இதில் கலந்திருக்கும். இது ஒளியை அதிகம் குறைக்காமல் அகச்சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். குரூக்ஸ் கண்ணாடியில் செய்ததைத் தாளில் செய்கிறார்கள் என்று கூறலாம். விலையும் அதற்கேற்பவே இருக்கும்.

நம் நாட்டுச் சட்டம் வந்த வழி

அம்பாசிடர் காரும் பத்மினி காரும் ஓடிய காலத்தை மூத்த வாசகர்கள் அறிவர். முன்கதவில் ஒரு சிறு முக்கோணச் சன்னல் இருக்கும். அதைத் திருப்பிவிட்டால் காற்று நேரே மார்பில் அடிக்கும். ஏ.சி. வந்தபின் கண்ணாடிகள் மூடப்பட்டன. முக்கோணச் சன்னல் மறைந்தது. கறுப்புத் தாள் கடைகள் பெருகின. சொசூரின் பெட்டியை நாமே இறுக மூடிவிட்டு, பிறகு அதற்கு மருந்து தேடினோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், 100-ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. முகப்புக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் தம்மேல் படும் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காட்டையும் உள்ளே விடவேண்டும் என்பது விதி. ஆனால் நடைமுறையில் ஆள் தெரியாத அளவுக்குக் கறுத்த கார்கள் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தன. அத்தகைய வண்டிகளுக்குள் குற்றங்கள் நடப்பதைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு வந்தது. ‘அவிஷேக் கோயங்கா எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற அந்த வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு அளிக்கப்பட்டது. விதி கூறும் 70, 50 என்பவை தயாரிக்கப்படும்போதே கண்ணாடிக்கு இருக்கவேண்டிய தன்மை. பின்னர் எந்த விழுக்காட்டுத் தாளையும் அதன்மேல் ஒட்ட விதியில் இடமில்லை என்று நீதிமன்றம் கூறியது. மே 4 முதல் தடை நடப்புக்கு வந்தது. உயர்ந்த பாதுகாப்பு வளையத்தில் உள்ளோருக்கு மட்டும் விலக்கு இருந்தது. சாலைகளில் போலீசார் தாள்களைக் கிழித்தது அப்போதுதான். உங்கள் நண்பரின் எச்சரிக்கை அந்த நாள்களின் நினைவு.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 100-ஆவது விதி பின்னர் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவில் நடப்புக்கு வந்தது. ‘பாதுகாப்புக் கண்ணாடி’யோடு, உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடி அமைப்பையும் அது ஏற்றுக்கொண்டது. அதற்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 2553, இரண்டாம் பகுதி, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். இதை வைத்துக் கேரள உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு அளித்தது. தரநிர்ணயத்துக்கு உட்பட்ட தாளைப் பயன்படுத்தலாம். வாகன உற்பத்தியாளர்க்கு மட்டுமன்றி உரிமையாளருக்கும் அது பொருந்தும். ஒளி ஊடுருவல் 70, 50 என்ற அளவுக்குக் கீழே போகாதவரை அபராதம் விதிக்க இயலாது என்று அத்தீர்ப்பு கூறியது. அது கேரளத்து நீதிமன்றத்தின் தீர்ப்பு. தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தும் ஆணை அன்று. ஆனால் அது பொருள் கூறிய விதி நாடு முழுமைக்கும் ஒன்றே. ஆகவே, சாலையில் உங்கள் வண்டியை நிறுத்தும் அதிகாரி 2012-ஐ நினைக்கலாம். நீங்கள் 2021-ஐ நினைக்கலாம். இருவருக்கும் பொதுவாக நிற்பவை 70, 50 என்ற எண்கள் மட்டுமே.

ஒரு பெருக்கல் கணக்கு

இந்த எண்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரான்சின் பியேர் பூகேர் 1729-இலும், பின்னர் லாம்பர்ட் 1760-இலும் விளக்கிய ஒரு விதி உண்டு. ஒளி அடுத்தடுத்த அடுக்குகளைக் கடக்கும்போது, ஒவ்வோர் அடுக்கும் தனக்கு வந்துசேர்ந்ததில் ஒரு குறிப்பிட்ட பங்கை மட்டுமே விடும். எனவே ஊடுருவல் விழுக்காடுகளைப் பெருக்கவேண்டும்.

உங்கள் காரின் பக்கக் கண்ணாடி 75 விழுக்காடு ஒளியை விடுகிறது என்று கொள்வோம். கடைக்காரர், “இது சட்டப்படி சரியான 50 விழுக்காட்டுத் தாள்” என்று சொல்லி ஒட்டுகிறார். மொத்த ஊடுருவல் எவ்வளவு? 0.75-ஐ 0.50-ஆல் பெருக்கினால் 0.375. அதாவது 37.5 விழுக்காடு. சட்டம் கேட்பது 50! தாள் சட்டப்படி இருக்கிறது. சன்னல் சட்டப்படி இல்லை. 70 விழுக்காட்டுத் தாளை ஒட்டியிருந்தால் 52.5 விழுக்காடு, மயிரிழையில் தப்பும். முகப்புக் கண்ணாடி 75 விழுக்காடு விடுவதானால், மிகத் தெளிந்த 90 விழுக்காட்டுத் தாளை ஒட்டினாலும் 67.5 தான் மிஞ்சும்; 70-க்குக் கீழே. ஆகவே முகப்புக் கண்ணாடியில் கைவைக்க ஏறக்குறைய இடமே இல்லை என்று அறிக.

அந்தி நேரத்துக் கண்

“70 என்றால் என்ன, 35 என்றால் என்ன? பகலில் எல்லாம் நன்றாகத்தானே தெரிகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். பகலில் தெரியும், உண்மைதான். அதன் காரணத்தையும் பூகேரே காட்டினார். மெழுகுவத்திகளையும் நிழல்களையும் கொண்டு அவர் செய்த சோதனையில், அருகருகே உள்ள இரண்டு பரப்புகளின் ஒளியில் 64-இல் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே கண் அதைக் கண்டுகொண்டது. கண் பார்ப்பது வெறும் ஒளியை அன்று, ஒளிகளின் விகிதத்தை. கறுப்புத் தாள் மனிதனின் ஒளியையும் அவன் பின்னணியின் ஒளியையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. விகிதம் மாறாததால் பகலில் கேடில்லை.

ஆனால் ஒளி மிகக் குறைந்துவிட்டால் இந்தத் திறமை கண்ணை விட்டுப் போய்விடுகிறது. 64-இல் ஒரு பங்கை உணர்ந்த கண், அந்தி மங்கலில் பன்மடங்கு பெரிய வேறுபாட்டையே உணர்கிறது. வெளிச்சம் ஏற்கெனவே அந்த எல்லையில் நிற்கும்போது அதைப் பாதியாக்கினால், தெரிந்துகொண்டிருந்த பொருள் தெரியாமற் போய்விடும். வயதும் இதில் சேரும். 60 வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதினருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மகன் பார்த்து ஒட்டிய தாள் வழியே அப்பா வண்டி ஓட்டுகிறார் என்பதை மறக்கலாகாது.

இதை ஆவூர் போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். 1697-இல் இயேசு சபையினர் நிறுவிய பழம்பெரும் கிறித்தவத் தலம் என்று வரலாறு அறிந்த ஊர். இந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் மாலை ஆறரை மணிக்கு யார் யார் போகிறார்கள்? மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகள், பின்விளக்கு இல்லாத சைக்கிள், நூறுநாள் வேலை முடிந்து தூக்குவாளியோடு ஓரமாக நடக்கும் பெண்கள், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள். நேரே வரும் பொருளைக் காட்ட வண்டிக்கு முகப்பு விளக்கு உண்டு. ஆனால் சந்தில் திரும்பும்போது ஓட்டுநர் பார்ப்பது பக்கக் கண்ணாடி வழியே. அந்தப் பக்கம் விளக்கு இல்லை. விழுக்காட்டுக் கணக்கில் நாம் பேரம் பேசுவது அந்த இருட்டில் நடப்பவரின் உயிரைப் பற்றி.

இன்னொன்றும் உண்டு. சாலையைக் கடக்கும் ஒருவர் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கிறார். ‘என்னைக் கண்டுகொண்டாரா?’ என்று கண்ணைப் பார்த்துத்தான் காலெடுத்து வைக்கிறார். கறுத்த கண்ணாடி அந்தப் பேச்சற்ற உரையாடலை அறுத்துவிடுகிறது.

வெயில் எங்கிருந்து வருகிறது?

சரி, இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஒட்டினால் எவ்வளவு நன்மை? இதற்குச் சற்று வானியல் வேண்டும். ஆவூர் ஏறக்குறைய 10.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆதலால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு கடைசி வாரத்திலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தெளிந்த வானத்தில் அப்போது ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் ஆற்றல் 1000 வாட் அளவில் இருக்கும். ஒரு மின் இஸ்திரிப் பெட்டிக்குச் சமம். அது விழுவது எங்கே? காரின் கூரைமேலும், சாய்ந்த முகப்புக் கண்ணாடியின்மேலும். நிமிர்ந்து நிற்கும் பக்கச் சன்னல்கள்மேல் நேர்க்கதிர் ஏறக்குறைய விழுவதே இல்லை. அதாவது, உச்சி வெயிலில் தாள் ஒட்டக்கூடிய சன்னலில் வெயில் இல்லை. வெயில் விழும் கண்ணாடியில் தாள் ஒட்ட இடமில்லை!

பக்கச் சன்னல் தாள் உதவுவது காலையும் மாலையும் சாய்வெயில் அடிக்கும்போதுதான். மார்கழியில் நண்பகற் சூரியன் தென்திசையில் 56 டிகிரி உயரத்திலேயே நிற்பதால், அப்போது தென்புறச் சன்னலும் வெயில் வாங்கும். தினமும் வெகுதூரம் ஓட்டுபவருக்கும், தோலில் புற ஊதா படக்கூடாது என்று மருத்துவர் சொன்னவருக்கும் இந்த உதவி சிறிதன்று. அவர்களுக்குக் கறுப்புத் தாள் தேவையில்லை. புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் தெளிந்த தாளே போதும்.

நிறுத்திவைத்த வண்டியில் எந்தத் தாளும் காவல் ஆகாது. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெயிலில் நின்ற காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் அளவு உயர்ந்தது; அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. சன்னலைச் சிறிது இறக்கி வைத்ததும் பயன்தரவில்லை. காற்று தாராளமாக ஓடினாலன்றி வுட் சொன்ன சிறை உடையாது. ‘தாள் ஒட்டியிருக்கிறது, ஐந்து நிமிடந்தானே’ என்று குழந்தையை உள்ளே விட்டுச் செல்வது கொடிய ஆபத்து. தாள் தரும் மிகப்பெரிய தீங்கு இந்தப் பொய்யான தைரியமாகவும் இருக்கலாம். கறுத்த கண்ணாடிக்குள் தவிக்கும் குழந்தையை வெளியே போகிறவர் காணவும் முடியாது.

முடிவு உங்களுடையது

இப்போது தொடக்கத்தில் நின்ற இருவரிடமும் திரும்புவோம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை.

முதலில் செலவில்லாத வழிகளைச் செய்யுங்கள். மரநிழலில் நிறுத்துங்கள். நிறுத்தியபின் முகப்புக் கண்ணாடிக்கு உள்ளே பளபளக்கும் மறைப்பு அட்டையை விரியுங்கள். வண்டி நிற்கும்போது அதற்குத் தடையில்லை. ஏறுமுன் கதவுகளை இரண்டு நிமிடம் திறந்துவைத்து அடைபட்ட காற்றை விரட்டுங்கள். புதுக் கார் வாங்குகிறீர்களானால் வெளிர்நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். தொழிற்சாலையிலேயே வெப்பந்தடுக்கும் கண்ணாடி உண்டா என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகும் தாள் வேண்டுமென்றால், கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் கண்ணாடியின் இப்போதைய ஊடுருவல் எத்தனை விழுக்காடு என்று கருவியால் அளந்து காட்டுவீர்களா? இந்தத் தாளோடு பெருக்கினால் பக்கத்தில் 50-க்கும் பின்னால் 70-க்கும் குறையாமல் இருக்குமா? இது ஐ.எஸ். 2553 தரத்துக்கு உட்பட்டது என்பதற்கும், அகச்சிவப்பில் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கும் எழுத்தில் சான்று தருவீர்களா? மூன்றுக்கும் சான்றோடு விடை கிடைத்தால் ஒட்டலாம். அந்தச் சான்றை வண்டியிலேயே வைத்திருங்கள். “சார், இதைவிடக் கறுப்பாகவும் இருக்கிறது” என்பதே விடையானால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். கறுப்பை வைத்து வெப்பத்தை அளக்க முடியாது என்று ஹெர்ஷல் 1800-இலேயே கண்டுவிட்டார்.